உப்புக்காற்றில் நிற்கும் எழுத்து

பெயர்ப்பலகைகளில் ஒட்டப்படும் ஸ்டிக்கர் எழுத்து 50 முதல் 80 மைக்ரோமீற்றர் வரை தடிப்புள்ள பி.வி.சி. படலம். ஒரு தலைமயிரின் தடிப்புக்கு மேல் அது போவதில்லை. கணினியோடு இணைந்த வெட்டும் இயந்திரத்தின் கத்தி எழுத்தின் ஓரத்தை மட்டும் கீறுகிறது. அடியிலுள்ள தாள் வெட்டுப்படுவதில்லை. எழுத்துக்கு வெளியே உள்ள படலத்தையும், ‘க’, ‘ன’ போன்ற எழுத்துகளின் கண்களுக்குள் உள்ள துண்டுகளையும் ஊசி முனையால் உரித்தெடுத்த பின், மிஞ்சும் எழுத்துகளை ஒரு நாடாவில் ஒற்றி எடுத்துப் பலகைக்கு மாற்றுவார்கள். இந்தப் படலத்துக்குச் சொந்தமாக நிமிர்ந்து நிற்கும் பலம் இல்லை. பலகை வளைந்தால் அதுவும் வளையும், பலகையின் பூச்சு பெயர்ந்தால் பூச்சோடு சேர்ந்து பெயரும். எழுத்து உதிர்ந்தால் ஸ்டிக்கர் தரமில்லை என்பதே வழக்கமான முறைப்பாடு. வட இலங்கையின் மன்னார் போன்ற கடலோரத்தில் பெரும்பாலும் முதலில் தோற்பது ஸ்டிக்கரைத் தாங்கும் தகடு.

ஒட்டுப்பசை ஒரு பரப்பைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அதன்மேல் பரவ வேண்டும். பரவுமா, திரண்டு நிற்குமா என்பதை நிர்ணயிப்பது பரப்பின் சக்தி. ஒரு மீற்றருக்கு மில்லிநியூற்றன் என்ற அலகில் இது அளக்கப்படுகிறது. பொலித்தீனுக்கும் பொலிப்புரொப்பிலீனுக்கும் இது 30 அளவில், பி.வி.சி.க்கு 39 அளவில், பொலிகாபனேற்றுக்கு 40க்குச் சற்று மேல். எண்ணெய்ப் பசையற்ற உலோகத்துக்கும் கண்ணாடிக்கும் சில நூறுகள். எண் குறையக் குறையப் பசை பரவ மறுக்கும். கடையில் இதை அளக்கக் கருவி தேவையில்லை. கழுவித் துடைத்த தகட்டில் சில துளி தண்ணீர் விட்டால் போதும். தண்ணீர் படர்ந்து பாய்போல் விரிந்தால் ஸ்டிக்கர் பிடிக்கும். முத்துமுத்தாகத் திரண்டால் அந்தத் தகட்டை ஒதுக்குவதோ மறுபடி கழுவுவதோ நல்லது. பசை தன் முழுப் பிடியை எட்ட ஒரு நாள் அளவு செல்லும் என்பதால், ஒட்டிய அன்றே பலகையைக் காற்றில் நிறுத்துவது தவறு.

மன்னாரில் இந்தப் பிடியைச் சோதிப்பவை மூன்று: உப்பு, வெயில், காற்று. மன்னார்த் தீவு ஒடுங்கியது, அகலமான இடத்தில்கூடக் கடல் சில கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் தலைமன்னார்த் துறையிலும் கடைகளும் தேவாலயங்களும் அலையோசை கேட்கும் தூரத்தில் நிற்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று விடாமல் வீசுகிறது. தீவின் தென்கரையில் 30 கோபுரங்களுடன் 103.5 மெகாவற்று ஆற்றலில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் தொகுதி அங்கே அமைந்ததற்குக் காரணம் இந்தக் காற்றின் விடாப்பிடிதான். மின்சாரத்துக்கு வரமான அதே காற்று, அலை உடையும்போது சிதறும் நுண்துளிகளைச் சுமந்து வந்து பலகைகளில் படியவைக்கிறது. துளி உலர்ந்தால் உப்பு மிஞ்சும்.

உலர்ந்த உப்பு உலோகத்தை அரிக்காது. அரிப்புக்கு ஈரம் வேண்டும், அந்த ஈரம் மழையாக வர வேண்டியதில்லை. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியவுடன் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே ஒரு துளி மழையும் இல்லாத யூலை மாதத்தில்கூட மன்னார்ப் பலகை ஒன்று இரவு முழுவதும் மெல்லிய உப்புக் கரைசலைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பகலில் உலர்கிறது, இரவில் மறுபடி நனைகிறது. ஒக்டோபரில் மழை வந்து கழுவும்வரை படிவு கூடிக்கொண்டே போகும். மழையும் பலகையின் முகத்தைத்தான் கழுவும். சுவரைப் பார்த்த முதுகில் உப்பு அப்படியே தங்கும். முன்னால் பளிச்சென்று இருக்கும் பலகை பின்னாலிருந்து இற்றுப்போவதற்கு இதுவே காரணம்.

வெயிலின் கணக்கு வேறு. வட அகலக்கோடு 9 பாகையில் இருக்கும் மன்னாருக்கு ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே நிற்பதால் வடக்கு நோக்கிய பலகைக்கும் வெயில் உண்டு. ஆனால் செங்குத்தாக நிற்கும் பலகைக்கு உச்சிவெயிலைவிடச் சாய்ந்து அடிக்கும் மாலைவெயில் கொடியது. உப்புக்காற்றும் மாலைவெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வருவதால் இங்கே மிக மோசமான முகம் தென்மேற்கு. ஸ்டிக்கர் உருளைகளின் உறையில் போட்டிருக்கும் 3 வருடம், 5 வருடம், 7 வருடம் என்ற கணக்குகள் பெரும்பாலும் மிதமான வெயிலுள்ள நாடுகளில் செங்குத்தாக நிற்கும் பலகைக்கு உரியவை. வெப்பநாடுகளுக்கு உற்பத்தியாளர்களே அதைக் குறைத்துத்தான் தருகிறார்கள்.

இனித் தகடுகள். மலிவானது நாகம் பூசிய இரும்புத் தகரம். நாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. நாகப் படை முடியும்வரைதான் காவல். சதுர மீற்றருக்கு 275 கிராம் என்று குறிக்கப்படும் நல்ல தரத் தகரத்தில் அந்த நிறை இரு பக்கங்களுக்கும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர் தேறும். வளிமண்டல அரிப்பை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச நியமம், கடுமையான கடலோரத்துக்குரிய சி5 வகுப்பில் நாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோமீற்றர் வரை குறையும் என்கிறது. 20ஐ இவற்றால் வகுத்தால் இரண்டரை ஆண்டு முதல் ஐந்து ஆண்டுவரை. மலிவுத் தகரத்தின் பூச்சு இன்னும் மெல்லியது. வெட்டிய விளிம்பிலும் ஆணி துளைத்த இடத்திலும் நாகமே இல்லை. துரு அங்கே தொடங்கிப் பெயின்றின் அடியால் ஊர்ந்து எழுத்துக்குக் கீழே வந்து சேரும். அப்போது ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் பசை நன்றாகவே பிடித்திருக்கும்; அதன் முதுகில் பெயின்றும் செம்பொடியும் ஒட்டியபடி வரும். புதுத் தகரத்தில் இன்னொரு தொல்லை, ஆலையில் தடவிய எண்ணெய்ப் படை. அதை நீக்காமல், உலோகத்தைக் கடிக்கும் அடிப்பூச்சு இல்லாமல் எனமல் அடித்தால் முதல் மழைக்கே பூச்சு தோலாக உரியும். நகருக்குள், நிழலில், குறுகிய காலத்துக்கு என்றால் தகரம் போதும். கரையோரப் பலகைக்கு அதை வாங்குவது சேமிப்பு ஆகாது.

இப்போது கடைமுகப்புகளில் அதிகம் காணப்படுவது கிளாடிங் என்று சொல்லப்படும் அலுமினியக் கூட்டுத் தகடு. இரண்டு மெல்லிய அலுமினியத் தோல்களுக்கு நடுவே பொலித்தீன் கரு. இந்த அமைப்பு 1969ல் அலுகொபொண்ட் என்ற பெயரில் கட்டடங்களுக்காக ஐரோப்பாவில் அறிமுகமானது. பெயர்ப்பலகைக்கு வழக்கமாக 3 மில்லிமீற்றர் தகடு பயன்படுகிறது. அதில் ஒவ்வொரு தோலும் 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர்தான். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்று ஏறத்தாழ 11 கிலோ. அதே அளவில் 1 மில்லிமீற்றர் இரும்புத் தகரம் 23 கிலோ வரும். கூட்டுத் தகடு தட்டையாக நிற்கும், எளிதில் அலை விழாது, ஆலையில் சுட்டு இறுக்கிய பூச்சுடன் வருவதால் பெயின்ற் காயக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டிக்கர் எழுத்துக்கு இதைவிட வசதியான முகம் இல்லை.

பூச்சைத் தெரிவதில் ஒரு முரண் உண்டு. வெயிலை அதிகம் தாங்குவது புளோரின் சேர்ந்த பி.வி.டி.எவ். பூச்சு. புளோரின் சேர்ந்த பரப்புகளில் சக்தி குறைவு என்பதால், பொலியெஸ்டர் பூச்சில் பிடிக்கிற அளவுக்கு அதில் பசை பிடிப்பதில்லை. பத்தாண்டுக்கு மேல் நிறம் மங்காமல் நிற்க வேண்டிய கட்டடச் சுவருக்கு முதலாவது. சில ஆண்டுகளில் எழுத்து மாற்றப்படும் பெயர்ப்பலகைக்கு இரண்டாவது போதும். பி.வி.டி.எவ். தகட்டையே வாங்க நேர்ந்தால் பிடி அதிகமுள்ள பசையுடைய ஸ்டிக்கரைத் தெரிய வேண்டும்.

கூட்டுத் தகட்டின் பலவீனம் விளிம்பு. வெட்டிய ஓரத்தில் அலுமினியம் பூச்சின்றித் திறந்து கிடக்கிறது. அங்கிருந்து பூச்சின் அடியால் நூல்போல் நெளிந்து செல்லும் ஒருவகை அரிப்பு உப்பும் ஈரப்பதனும் சேர்ந்த வெப்பக் கரைகளில் வழமையானது. அதைத் தடுக்க நல்ல வழி, தகட்டின் பின்பக்கத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் பள்ளம் வெட்டி, முன்தோலை விட்டுவைத்து, நான்கு ஓரங்களையும் பின்னுக்கு மடிப்பது. பலகை ஒரு ஆழமற்ற தட்டத்தின் வடிவம் பெறும். வெட்டு விளிம்பு பின்னே மறையும், விறைப்பும் கூடும். மடிக்க இடமில்லாத சிறு பலகையில் விளிம்புக்கு நிறமற்ற வார்னிஷோ சிலிக்கனோ பூசினால் காலம் நீளும். தகட்டின் மேலுள்ள காப்புப் பொலித்தீனையும் தள்ளிப்போடாமல் உரிக்க வேண்டும். வெயிலில் பல மாதம் கிடந்தால் அதன் பசை பூச்சோடு சுட்டு ஒட்டிவிடும். உரித்த இடத்தில் மிஞ்சும் அந்தப் பசையின் மேல் எந்த ஸ்டிக்கரும் நேராக நிற்காது.

பொலித்தீன் கரு எரியும் என்பதையும் மறக்கக் கூடாது. 2017 யூன் 14 அன்று லண்டனின் கிறென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீ, கட்டடத்தின் வெளிச்சுவரில் பொருத்திய இவ்வகைத் தகடுகள் வழியாகவே மேலேறியது. இரண்டடிப் பெயர்ப்பலகைக்கு இது பெரிய கவலை அல்ல. ஆனால் மாடிக்கடையின் முகப்பு முழுவதையும் மூடி, உள்ளே மின்கம்பி இழுக்கும்போது தீத்தடுப்புக் கரு உள்ள தகட்டைக் கேட்டு வாங்குவதே முறை.

முழு அலுமினியத் தகட்டுக்கு விளிம்புப் பிரச்சினை குறைவு. மக்னீசியம் கலந்த 5052 என்ற கலப்பு கடல்நீருக்குப் பேர்போனது. படகுக் கட்டுமானத்தில் பயன்படுவது. மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் செல்லும் ஏ14 வீதி போன்ற நெடுஞ்சாலைகளின் குறிகளுக்கு, இரவில் வாகன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலத்துடன், அலுமினியமே உரிய பொருள். கூட்டுத் தகட்டைவிட விலை கூட. ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் காற்றில் துடித்து அலை விழும். பாடசாலை, வைத்தியசாலை, இறங்குதுறை போன்ற, பல்லாண்டு நிற்க வேண்டிய பலகைகளுக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம்.

பிளாஸ்டிக் தகடுகளுக்குத் துரு இல்லை. கடலோரத்துக்கு அவையே ஏற்றவை என்ற எண்ணம் இதனால் பரவலாக இருக்கிறது. அவற்றின் சிக்கல் விரிவு. விடியற்காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை பலகையின் வெப்பம் 40 பாகை மாறினால், 2.4 மீற்றர் நீளத்தில் இரும்பு சுமார் 1.2 மில்லிமீற்றர் நீளும், அலுமினியமும் கூட்டுத் தகடும் 2.2, பி.வி.சி. நுரைப்பலகையும் அக்கிரிலிக்கும் ஏறத்தாழ 7. பொலிப்புரொப்பிலீன் 10ஐத் தாண்டும். நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியை ஸ்டிக்கரின் ஓரம் தாங்க வேண்டும். தகட்டை நான்கு மூலையிலும் இறுக்கிவிட்டால் நீள இடமின்றிப் பலகை தொப்பைபோடும். துளையைத் திருகாணியைவிடப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ இடுவது இதற்காகவே.

ஃபோம் போர்ட் எனப்படும் பி.வி.சி. நுரைப்பலகை வெட்ட எளிது, பசையும் நன்கு பிடிக்கும். ஆனால் 60 பாகைக்கு மேல் அது இளகத் தொடங்கும். மேற்கு வெயிலில் கறுப்பு அல்லது கடுநீலப் பலகை அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். வெள்ளைப் பலகையில் நிற எழுத்து என்றால் தாங்கும். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் கோணும். உள்ளறைக்கும் விறாந்தைக்கும் இது நல்ல பொருள். பின்னாலிருந்து விளக்கெரியும் பெட்டிப் பலகைக்கு அக்கிரிலிக், கல்லெறி விழக்கூடிய இடத்துக்குப் பொலிகாபனேற்று. பொலிகாபனேற்று தனக்குள் வைத்திருக்கும் ஈரத்தை வெப்பத்தில் வெளிவிடும். அது ஸ்டிக்கரின் அடியில் கொப்புளமாகத் திரளும். புற ஊதாக் காப்புப் படை இல்லாத தகடு மஞ்சளாகும். குழாய்குழாயாய் உள்ள பொலிப்புரொப்பிலீன் அட்டை, திருவிழா, தேர்தல், வீதி வேலை அறிவித்தலுக்கு மட்டும். மின்பொறி கொண்டு மேற்பரப்பைப் பதப்படுத்திய தகடாக இல்லாவிட்டால் எழுத்து அன்றே கிளம்பும்.

மரப்பலகைகளில், நீரைத் தாங்கும் பசையுள்ள மரைன் பிளைவுட் மட்டுமே கருதத்தக்கது. அதன் உயிரும் விளிம்பில்தான். ஓரத்தை இரண்டு மூன்று தடவை பெயின்ற் குடிக்கவைக்காவிட்டால் மழைக்காலத்தில் ஊதிப் பிளக்கும். எனமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளிருந்து கரைப்பானை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வாரமாவது விட்டுத்தான் எழுத்தை ஒட்ட வேண்டும்.

எந்தத் தகடானாலும் தமிழ்ப் பலகையில் முதலில் விழுவது புள்ளி. ‘மன்னார்’ என்ற பெயரில் ஒன்றுக்கு இரண்டு புள்ளி, ‘பேசாலை’ தப்பித்துக்கொள்கிறது. 10 சென்ரிமீற்றர் உயர எழுத்தில் புள்ளியின் விட்டம் 12 மில்லிமீற்றர் இருக்கலாம், எழுத்தின் கோடு 15 மில்லிமீற்றர் அகலம். படலம் சுருங்கியோ ஓரம் கிளம்பியோ சுற்றிலும் 1 மில்லிமீற்றர் பிடி போனால், கோடு தன் பிடிப்பரப்பில் 13 சதவீதத்தை இழக்கும். புள்ளி இழப்பது 31 சதவீதம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் புள்ளிகளுக்கும் இதே கதி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியும் ஒரே பலகையில் இடம்பிடிக்க வேண்டிய அரச அலுவலகப் பலகையில் எழுத்தின் உயரம் குறைகிறது, அதோடு புள்ளி இன்னும் சிறுக்கிறது. அங்கே செய்யக்கூடியவை சில உண்டு. புள்ளியை எழுத்துருவில் உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாக வரைந்து வெட்டலாம். மெல்லிய எழுத்துருவுக்குப் பதிலாகத் தடித்த எழுத்துருவைத் தெரியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படலத்தை மாற்றலாம். சூடான உருளைகளுக்கு இடையில் இழுத்துத் தட்டையாக்கிய சாதாரணப் படலம் வெயிலில் தன் பழைய அளவை நோக்கிச் சுருங்கும். எழுத்தைச் சுற்றி அழுக்குப் பிடித்த பசைக்கோடு தெரிவது இதனால்தான். திரவமாக ஊற்றிச் சுட்டு எடுத்த வார்ப்புப் படலத்தில் அந்த இழுவிசை அநேகமாக இல்லை. விலை கூடினாலும் மூன்று மொழிப் பலகைக்கு அது தகும்.

ஒட்டுவதற்கு முன் செய்யும் கழுவலில் மன்னாருக்கென்று ஒரு கவனம் தேவை. பலரும் தின்னரோ ஸ்பிரிட்டோ நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுகிறார்கள். எண்ணெயும் பசையும் அதில் போகும், உப்பு போகாது. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 36 கிராம் உப்புக் கரையும். மதுசாரத்தில் அது கரைவது கண்ணுக்குத் தெரியாத அளவு. துணி உப்பைப் பரப்பிவிட மட்டுமே செய்யும். அடியில் தங்கிய உப்பு, படலத்தின் ஊடாகக் கசியும் நீராவியை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், காய்ந்த பின்னரே ஸ்பிரிட் என்பதே சரியான ஒழுங்கு. தீவில் உவர்க் கிணறுகள் பல. கடைசிக் கழுவலுக்குக் குடிக்கிற தண்ணீரையே எடுக்க வேண்டும். ஒட்டும் வேலையை வெளியில் செய்வதானால் காற்று எழும்புமுன், காலையில். பசையில் ஒட்டிய ஒரு மணல், எழுத்தின் அடியில் கூடாரம் அடித்து ஈரத்துக்கு வழிவிடும்.

கடைசியாகப் பொருத்துதல். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் எட்டுக்கு நாலு அடிப் பலகைமேல் விழும் விசை ஏறத்தாழ 1,370 நியூற்றன், அதாவது 140 கிலோ நிறைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. 1964 டிசெம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2020 டிசெம்பரில் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கிய புரெவியையும் கண்ட கரை இது. கூட்டுத் தகட்டின் தோல் மெல்லியதாகையால் அகன்ற வாஷர் இல்லாமல் இறுக்கினால் திருகாணித் தலை தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சாதாரண இரும்புத் திருகாணி ஓரிரு ஆண்டில் செங்கோடு வடிக்கும். 316 தரத்துத் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி நல்லது. அலுமினியத்தோடு அது நேரே தொட்டால் உப்புநீரில் மின்கலம்போல் இயங்கி அலுமினியம் அரிபடும் என்பதால் இடையே நைலோன் வாஷர் வைக்க வேண்டும். சிறிய உருக்குத் திருகாணியும் பெரிய அலுமினியத் தகடுமாக இருக்கும்வரை அரிப்பு மெதுவாகவே நடக்கும். பெரிய உருக்குச் சட்டத்தில் அலுமினிய றிவெற் அடித்தால் றிவெற் விரைவில் கரைந்துபோகும். பலகையைச் சுவரோடு ஒட்டவைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பொருத்தினால் முதுகு காயும், தண்ணீர் அடிக்கவும் வழி இருக்கும். யூலையில் ஒருமுறை, செப்டெம்பர் இறுதியில் ஒருமுறை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால், மழை வருமுன் ஐந்து மாத உப்பு பலகையில் சேர்ந்து நிற்காது.